காணிக் குடியிருப்பின் காட்டுரிமையை எழுத்தில் வாங்குவது எப்படி?

பேச்சிப்பாறை அணைக்கு மேலே தச்சமலை, தோட்டமலை, மோதிரமலை, குற்றியாறு என்று தொடங்கி, ஒரு பக்கம் கீரிப்பாறை, மறுபக்கம் பத்துகாணி வரை, குமரி மாவட்ட மலையோரம் முழுக்கக் காணிக்காரர் எனும் பழங்குடியினரின் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. ஆகஸ்ட் 9 வந்தால் பழங்குடியினர் நாள் என்று அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போடுகிறோம், கொக்கரை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம். செய்யட்டும், தவறில்லை. ஆனால் அதே பெரியவர் தன் பாட்டா வைத்த பிலாவில் சக்கை (பலாக்காய்) வெட்டும்போது "யாரைக் கேட்டு வெட்டுகிறாய்?" என்று ஒருவர் கேட்க முடிகிறவரை அந்த மரியாதை பாதிதான். மீதிப் பாதி, வன உரிமைச் சட்டத்தின் கீழ் அவர் பெயரிலும் அவர் ஊர் பெயரிலும் கிடைக்க வேண்டிய சான்றில் இருக்கிறது. குடியிருப்புகளில் படித்து வந்திருக்கும் இளைஞர்களும், அவர்களுக்குத் துணை நிற்கும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் அந்த மனு வேலையைப் பிழையில்லாமல் முடிக்க இந்தக் குறிப்புகள் உதவும்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகள் 2008-ல் வந்து 2012-ல் திருத்தப்பட்டன. திருத்தம் சேர்ந்த பிரதியையே கையில் வையுங்கள். பழையதை வைத்துப் பேசினால் கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச வருகை) கணக்கிலேயே பிசகிவிடும். இன்னொன்று: 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் சான்று வழங்குவது நின்றது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த இடைவெளியில் மனு கொடுத்துவிட்டு, பதில் வராமல் மறந்துபோன குடும்பங்கள் இருக்கக்கூடும். புது மனு எழுதுவதற்கு முன் பழைய மனு எந்த மேசையில் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம்தான், 30 நாளில் பதில் தர வேண்டும்.

எந்த கிராம சபை?

பெரும்பாலான மனுக்கள் இங்கேயே வழிதவறுகின்றன. ஜனவரி 26-லோ மே 1-லோ நடக்கும் ஊராட்சி கிராம சபையில் பத்தோடு பதினொன்றாக வன உரிமைத் தீர்மானத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெரும்பான்மையினர் சமவெளிக்காரர்கள். காணிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் நாலைந்து பேர். விதிப்படி கிராம சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். மனுக்கள் மீது தீர்மானம் எடுக்கும்போது மனுதாரர்களில் அல்லது அவர்களின் பிரதிநிதிகளில் 50 விழுக்காடு அங்கே இருக்க வேண்டும். ஊராட்சி முழுமைக்கும் இந்தக் கணக்கு நிறைவேறவே நிறைவேறாது.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 'கிராமம்' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவை செய்யப்படாத ஊர்கள் எல்லாம், அறிவிக்கை செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அடங்கும். ஆகவே குடியிருப்பே ஒரு கிராமம், அதன் வயது வந்தோர் எல்லாரும் சேர்ந்ததே கிராம சபை. இத்தகைய குடியிருப்புகளின் பட்டியலை ஊராட்சி தயாரித்துக் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2012 திருத்தத்தின் 2ஏ விதி சொல்கிறது. உங்கள் குடியிருப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையால் போன்ற பேரூராட்சி எல்லைக்குள் வரும் குடியிருப்புகளுக்கு "உங்களுக்கு கிராம சபையே கிடையாதே" என்று பதில் வந்தால், இதே விளக்கத்தைச் சுட்டி எழுதுங்கள்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன் ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடமும் பூசாரியும் வைத்தியருமான பிலாத்தியிடமும் போய்ப் பேச வேண்டும். வெளியிலிருந்து உதவ வருபவர்கள் இதைச் சடங்காக நினைத்துவிடக் கூடாது. எந்தக் குடும்பம் எங்கே பயிர் செய்தது, எந்தக் காவு (கோயில் காடு) யாருடைய பொறுப்பு என்பதெல்லாம் அவர்கள் நாவில்தான் இருக்கிறது. ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் மத்தியானத்துக்கு மேல்தான் வீட்டில் இருப்பார்கள்; தேன் காலத்தில் ஆண்கள் காட்டுக்குள் தங்கிவிடுவார்கள். இதைப் பார்த்து நாள் வையுங்கள். பேச்சு காணிகளின் சொந்த மொழியிலேயே நடக்கட்டும், பதிவேட்டில் தமிழில் எழுதிக்கொள்ளலாம்.

முதல் கூட்டத்தில் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 10 முதல் 15 பேர், அதில் மூன்றில் இரு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். வனத்துறை ஏற்கெனவே அமைத்திருக்கும் கிராம வனக்குழு வேறு, இது வேறு. அந்தக் குழுவின் பெயர்ப்பட்டியலை அப்படியே எடுத்து எழுதினால் பின்னால் யாராவது ஆட்சேபிக்க, மொத்தமும் செல்லாமல் போகும். மனு வாங்க 3 மாதம் கால அளவு. போதாவிட்டால் காரணத்தைப் பதிவு செய்து கிராம சபையே நீட்டிக்கலாம்.

தனிநபர் மனு: ஏ படிவம்

2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து கைவசம் உள்ள நிலத்துக்குத்தான் கேட்க முடியும். உச்ச வரம்பு 4 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 988 சென்ட். உண்மையில் அனுபவிப்பது எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். நாலு ஹெக்டேர் தருவார்கள் என்று எண்ணிக் கூட்டி எழுதினால் கள ஆய்வில் மாட்டிக்கொண்டு, உண்மையான பகுதிக்கும் சந்தேகம் வரும். கணவன் மனைவி இருவர் பெயரும் மனுவில் இருக்க வேண்டும், சான்றும் கூட்டாகவே வரும். நிலம் வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது.

பழங்குடிச் சாதிச் சான்று கட்டாயம். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் 11 முதல் இதை வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில்தான் தருகிறார்கள். தோவாளை வட்டத்துக்காரர்களுக்கு நாகர்கோவில் கோட்டம், மேற்கு மலையோரத்துக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர் அலுவலகம். குடும்பத்தில் ஒருவருக்கும் சான்று இல்லையென்றால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். மனு அதற்காகக் காத்திருக்காமல், விண்ணப்பித்த ரசீதோடு வன உரிமைக் குழுவிடம் போகட்டும். பழங்குடியினர் அல்லாத குடும்பங்கள் அதே காட்டில் இருந்தால் அவர்கள் 3 தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். இரண்டு வகை மனுக்களையும் ஒரே கட்டாகக் கட்டிவிடாதீர்கள்.

இனி ஆதாரம். 13-ஆம் விதியில் சொல்லப்பட்டவற்றில் குறைந்தது இரண்டு வேண்டும். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது எல்லாரும் எடுத்து வருவார்கள். அவை குடியிருந்ததைக் காட்டும், பயிர் செய்ததைக் காட்டாது. நிலத்துக்கான ஆதாரம் நிலத்திலேயே நிற்கிறது: கய்யாலை (எல்லைச் சுவர்), படி வெட்டிய சரிவு, கிணறு, பழைய வீட்டுத் தரை, அடக்கம் செய்த இடம். மரங்களில் பெரிய பிலா, அயனி, புளி இவைதான் பேசும். ரப்பரை நம்பாதீர்கள். இருபத்தைந்து முப்பது ஆண்டில் வெட்டி மறுநடவு செய்துவிடுவதால், இப்போது நிற்கும் ரப்பர் 2005-க்குப் பிந்தியதாக இருக்கலாம்; அதைப் படமெடுத்து வைத்தால் "புது ஆக்கிரமிப்பு" என்று எழுத நாமே இடம் கொடுத்ததாகும். படமெடுக்கும்போது மரத்தின் பக்கத்தில் ஆள் நிற்கட்டும், நெஞ்சு உயரத்தில் சுற்றளவை நாடாவால் அளந்து அதையும் எழுதுங்கள்.

வனத்துறை போட்ட பழைய அபராத ரசீதுகளைப் பல வீடுகளில் அவமானம் என்று மறைத்து வைத்திருப்பார்கள், சில வீடுகளில் எரித்தே விட்டிருப்பார்கள். தேடி எடுங்கள். 1990-ல் இந்த இடத்தில் பயிர் செய்ததற்காக அபராதம் கட்டினார் என்ற தாள், 1990-ல் அவர் அங்கே பயிர் செய்தார் என்பதற்கு அரசே கொடுத்த சாட்சி. அத்தகைய ரசீதையோ, ஆக்கிரமிப்பாளர் பட்டியலையோ, அவை இல்லாமையையோ மட்டும் காரணமாக்கி மனுவைத் தள்ளக் கூடாது என்று 12ஏ விதி சொல்கிறது.

மன்னராட்சிக் காலப் பதிவுகளும் ஆதாரம் என்று சட்டம் ஏற்கிறது. நம் மாவட்டத்துக்கு இது பெரிய பலம். 1956 நவம்பர் 1 வரை இந்த மலை திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, ஆகவே பழைய வனப் பதிவுகள் திருவனந்தபுரத்துக் கேரள ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டியவை. பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள். ஆண்டுத் தொடக்கமான ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதியானால் 824. கொல்லம் 1100 என்றால் 1924–25. அச்சில் வந்தவற்றில் 1906-ல் நாகம் அய்யா தொகுத்த திருவிதாங்கூர் ஆவண நூலும், 1909-ல் வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளும் பயன்படும். காணிக்காரர் பற்றி அவற்றில் இழிவான சொற்களும் உண்டு. தேவையான பக்கத்தை மட்டும் நகலெடுத்து இணையுங்கள், அந்த நடையை உங்கள் மனுவுக்குள் கொண்டுவராதீர்கள்.

முதியோர் வாக்குமூலத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். மனுதாரர் அல்லாத வேறு முதியவர் சொல்ல வேண்டும். "தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறோம்" என்று எல்லா மனுவிலும் ஒரே வாசகத்தை அச்சடித்து ஒட்டினால் அதற்கு மதிப்பு கிடையாது. இப்படி இருக்க வேண்டும்:

"எனக்கு வயது சுமார் 78. நான் பாவாடை கட்டின பிள்ளையாக இருக்கும்போதே ஓடைக்கு மேற்கே உள்ள விளையில் இவருடைய பாட்டா மரச்சீனியும் நல்லமிளகும் போட்டிருந்தார். ஓடைக்கரையில் நிற்கிற அயனி அவர் வைத்தது. மேல் அதிர்த்தியில் (எல்லையில்) உள்ள கய்யாலையை இவருடைய அப்பா கட்டினார். அப்போது என் மூத்த மகள் கைக்குழந்தை."

இடம், மரம், ஆள், காலம் நான்கும் இதில் வந்துவிட்டன. ஆண்டு தெரியாவிட்டாலும் மூத்த மகளின் வயதை வைத்துக் கணக்கிடலாம். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி, 2 சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். வம்சாவளி எழுதும்போது இல்லத்தின் (குலப்பிரிவின்) பெயரோடு 3 தலைமுறையாவது எழுதுங்கள். அப்பா வழியை மட்டும் எழுதிவிட்டால், பெண் வழியாக நிலம் வந்த குடும்பங்களில் சங்கிலி அறுந்துவிடும்.

அளப்பது

நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை அணை நிறைந்து ஓடைகளும் பெருகிக் கிடக்க, அதிகாரிகள் படகேறி வரத் தயங்குவார்கள். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்ல காலம். ரப்பர் இலையுதிர்த்து நிற்பதால் ஜி.பி.எஸ். கருவிக்கு வானமும் தெளிவாகக் கிடைக்கும். அடர்ந்த நிழலில் கருவி பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். அரை ஏக்கர் விளைக்கு அது பெரிய பிழை. ஒவ்வொரு மூலையிலும் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நின்று புள்ளியைப் பதியுங்கள், எல்லை திரும்பும் இடங்களை விடாதீர்கள், இரண்டு முறை சுற்றி ஒப்பிடுங்கள்.

நாடாவால் சரிவில் அளந்த பரப்பும் கருவி காட்டும் பரப்பும் ஒத்துப்போகாது. 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் நாடா போட்டால் வரைபடத்தில் அது 87 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. "கேட்டது அதிகம், அளந்தது குறைவு" என்ற குறிப்பு பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. மனுவில் எந்த முறையில் அளந்தது என்பதை எழுதிவிடுங்கள்.

கள ஆய்வுத் தேதியை வன உரிமைக் குழு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்கள் வந்து, பதவி, தேதி, கருத்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். வராமல் இருந்துவிட்டுப் பின்னால் ஆட்சேபித்தால், மனு மறு ஆய்வுக்கு கிராம சபைக்குத் திரும்பும். அப்போதும் வராவிட்டால் களச் சரிபார்ப்பில் கிராம சபையின் முடிவே இறுதி. அதனால்தான் அந்த ஒப்புதல் ரசீது நிலத்தைப் போலவே முக்கியம். வனக்காப்பாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைத்தது கணக்கில் வராது.

ஊர் மனு: பி, சி படிவங்கள்

ஏ படிவத்தோடு நிறுத்திவிடுவது நம் பக்கத்தில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு என்றே நினைக்கிறோம். வீட்டு நிலத்துக்குச் சான்று கிடைத்து, தேனும் கிழங்கும் மருந்தும் எடுக்கும் காட்டுக்குக் கிடைக்காவிட்டால் காணிக்காரர் வாழ்க்கையில் பெரும்பகுதி அனுமதியில்தான் ஓடும்.

பி படிவத்தில் என்னென்ன எடுக்கிறீர்கள் என்பதைப் பொதுவாக எழுதாதீர்கள். தேன், மெழுகு, மூங்கில், பிரம்பு, குங்கிலியம், கிழங்கு வகைகள், மருந்துச் செடிகள் என்று ஒவ்வொன்றையும் காணி வழக்கில் உள்ள பெயரோடு எழுதி, எந்த மாதம், எந்தப் பகுதி, யார் எடுப்பது என்று சேருங்கள். கிழங்கும் கீரையும் எடுக்கிற பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். ஆண்கள் சொல்லும் பட்டியலில் பாதிதான் இருக்கும். மீன்பிடி, மேய்ச்சல், தண்ணீர் உரிமையும் இதிலேயே வரும். வேட்டை சட்டத்தில் விலக்கப்பட்டது, எழுதக் கூடாது.

சி படிவம் ஊரின் மரபு எல்லைக்குள் வரும் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவுமான உரிமை. 4 ஹெக்டேர் வரம்பு இதற்குப் பொருந்தாது. முதலில் தரையிலேயே அரிசிமாவால் வரையுங்கள்: ஆறு, ஓடை, பாறை, மொட்டை, பழைய தடம், கைவிட்ட பழங்குடியிருப்பு. முதியோர் குச்சியால் திருத்தட்டும். பிறகு தாளில் எடுத்து, இளைஞர்கள் எல்லையோரம் நடந்து புள்ளிகளைப் பதியட்டும். வனத்துறையின் கம்பார்ட்மெண்ட் (காட்டுப் பகுதி) எண் தெரிந்தால் எழுதலாம். தெரியாவிட்டால் படிவமே வற்புறுத்தவில்லை. பக்கத்துக் குடியிருப்போடு பொதுவாக அனுபவிக்கும் காடு இருந்தால், இரண்டு வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவை எழுத்தில் இரு கிராம சபைகளுக்கும் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஒரே பாறையை இரண்டு வரைபடங்களும் கேட்டால் இரண்டும் முடங்கி நிற்கும்.

காவும் சாமி இடங்களும் ஆதாரத்தில் வலுவானவை. 2013 ஏப்ரல் 18 அன்று ஒடிசாவின் நியமகிரி மலை வழக்கில் உச்ச நீதிமன்றம், வழிபாட்டு, பண்பாட்டு உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதை கிராம சபைகளே பரிசீலித்து முடிவு செய்யட்டும் என்றது. ஆனால் வரைபடம் பல கைகளுக்குப் போகும். வெளியாள் நுழையக் கூடாத இடம் என்றால் அதைப் புள்ளியாகக் குறிக்காமல் ஒரு பரப்பாக நிழலிட்டு, விவரத்தை கிராம சபைப் பதிவேட்டில் மட்டும் வையுங்கள். எதைக் குறிப்பது, எதை விடுவது என்பது பிலாத்தியும் ஊரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. உதவிக்கு வந்தவர் வாயைத் திறக்க வேண்டிய இடம் இது அல்ல.

சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு 3(2) பிரிவில் தனி வழி உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமை, கிராம சபைப் பரிந்துரை. "காட்டுக்குள் ரோடு போட முடியாது" என்பதோடு பேச்சு முடிந்துவிட வேண்டியதில்லை.

மறுத்தால்

கிராம சபை முடிவு சார் ஆட்சியர் நிலையிலுள்ள கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில், மனுதாரரிடம் நேரில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு 60 நாள். மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். தேதி எழுதாத கடிதம் வந்தால் பெற்ற நாளைக் குறித்து, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

அடிக்கடி வரும் காரணங்கள் மூன்று. "செயற்கைக்கோள் படத்தில் காடாகத் தெரிகிறது" என்பார்கள். பிலா, கமுகு, அயனி நிழலில் மிளகும் மரச்சீனியும் வளர்க்கிற காணி விளை மேலிருந்து காடாகத்தான் தெரியும். அந்தப் படம் துணை ஆதாரமே, மற்றவற்றுக்கு மாற்று ஆகாது என்று விதி சொல்கிறது. "வனவிலங்குச் சரணாலயம்" என்பார்கள். சரணாலயமும் தேசியப் பூங்காவும் இந்தச் சட்டத்தின் 'வனநிலம்' விளக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. "குறிப்பிட்ட ஆவணம் இல்லை" என்பார்கள். ஒரு குறிப்பிட்ட ஆவணத்தை மட்டும் வற்புறுத்தக் கூடாது. மூன்றுக்கும் தனித்தனிப் பத்தியில், விதி எண்ணோடு பதில் எழுதுங்கள்.

மனு நடந்துகொண்டிருக்கும்போது வெளியேற்றும் பேச்சு வந்தால் 4(5) பிரிவு: சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரி 13-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவை அதே மாதம் 28-ல் அந்த நீதிமன்றமே நிறுத்தி வைத்தது. பழங்குடியினரின் வன உரிமையைச் சட்டவிரோதமாகத் தடுப்பதும் நிலத்தைப் பறிப்பதும் 2016 ஜனவரி 26 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம்.

மருந்தறிவைக் கேட்டு வருபவர்கள்

அகத்தியமலையின் மறுபக்கத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1987-ல் வழிகாட்டிகளாகப் போன காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமல் நடக்கத் தின்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைப் பார்த்து, கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் 'ஜீவனி' மருந்தை உருவாக்கினார்கள். உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளை பதிவானது. உலகம் பாராட்டிய ஏற்பாடுதான். ஆனால் அறிவு கைமாறிப் பல ஆண்டுக்குப் பின்தான் அமைப்பு வந்தது, பல குடியிருப்புகளிடம் யாரும் கேட்கவில்லை.

மரபறிவின் மீது ஊருக்குள்ள உரிமையை 3(1)-ஆம் பிரிவின் 'கே' உட்பிரிவு ஏற்கிறது. அதையும் பி படிவத்தில் கேளுங்கள். ஆய்வு என்று யார் வந்தாலும் முதலில் கிராம சபை. எந்த நிறுவனம், என்ன கேட்கப் போகிறார்கள், செடியை எடுத்துப் போவார்களா, ஒலிப்பதிவு எங்கே இருக்கும், வருமானம் வந்தால் பங்கு என்ன என்று எழுத்தில் வாங்கி, தீர்மானம் போட்ட பிறகே பேச்சு. ஒருவர் பணத்துக்கோ நட்புக்கோ சொல்லிவிட்டால் ஊரால் திரும்ப வாங்க முடியாது. உள்ளாட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குத் தகவல் கேட்டு வந்தாலும் இதே முறை: செடியின் பெயரும் இடமும் கொடுக்கலாம், எந்த நோய்க்கு எப்படி என்பதைக் கொடுப்பதா என்று ஊர் முடிவு செய்யட்டும்.

சான்று வந்த பின்

பெயர், எல்லை, பரப்பு, மனைவி பெயர் நான்கையும் அங்கேயே சரிபாருங்கள். 3 மாதத்துக்குள் வருவாய், வனப் பதிவேடுகளில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஏறிவிட்டதா என்று வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏறாத சான்றை வைத்து வங்கிக் கடனோ வீட்டுத் திட்டமோ கேட்டால் அலைய விடுவார்கள். தேனும் மற்ற காட்டுப் பொருளும் விற்கக் கொண்டுபோக, கிராம சபை அமைக்கும் வனப் பாதுகாப்புக் குழுவே போக்குவரத்து அனுமதி தரலாம். வரிசை எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் ஒன்று அச்சடித்து, நகல் ஊரிலேயே இருக்கட்டும்.

சான்றை லேமினேட் செய்யாதீர்கள். மலை ஈரத்தில் உள்ளே பூசணம் பிடித்தால் பிரிக்க முடியாது, பின்னால் முத்திரையோ குறிப்போ இடவும் வழியிருக்காது. உறையிட்டுத் தகரப் பெட்டியில் வைத்து, ஒரு நகல் வன உரிமைக் குழுச் செயலாளரிடமும், ஒன்று மலைக்குக் கீழே நம்பிக்கையான வீட்டிலும் இருக்கட்டும்.